தவறிப் போட்ட பணம்: பிஎஃப், பிபிஎஃப், என்பிஎஸ் கேள்வி-பதில்

2017-ல் முதல் வேலையில் சேர்ந்தேன். அப்போதே அடிப்படைச் சம்பளம் 28,000 ரூபாய். பாஸ்புக்கில் மாதாமாதம் பென்ஷன் பங்கு என்று 1,250 ரூபாய் ஏறியிருக்கிறது. இப்போது வேலை மாறி, பழைய கணக்கை மாற்றக் கொடுத்தால் நிராகரித்துவிட்டார்கள். அந்தப் பணம் போனதுதானா? (ஓசூர் வாசகர்)

போகவில்லை. இருக்க வேண்டிய கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

2014 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு முதன்முறையாக பிஎஃப்-ல் சேர்ந்தவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாயைத் தாண்டினால், அவர் ஓய்வூதியத் திட்டமான இபிஎஸ்-ல் சேர முடியாது. நிறுவனத்தின் பங்கு 12 சதவீதமும், அதாவது 28,000-க்கு 3,360 ரூபாயும், முழுசாக உங்கள் இபிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்குக்கே வந்திருக்க வேண்டும். உங்கள் சம்பளப் பிரிவு எல்லோருக்கும் போடுவதுபோல 15,000-க்கு 8.33 சதவீதம் கணக்கிட்டு 1,250-ஐ பென்ஷனுக்கு அனுப்பிவிட்டு, மிச்சம் 2,110-ஐ மட்டும் இபிஎஃப்-ல் போட்டிருக்கிறது. இது பரவலாக நடக்கும் தவறு. பாஸ்புக்கின் கடைசி கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. கணக்கை மாற்றும்போதோ மூடும்போதோதான் வெளியே வருகிறது.

திருத்தத்தைத் தொடங்க வேண்டியது பணத்தைக் கட்டிய பழைய நிறுவனம்தான். எந்தெந்த மாதம் எவ்வளவு தவறாகப் போனது என்ற பட்டியலோடு, தங்கள் பிஎஃப் அலுவலகத்துக்கு லெட்டர்ஹெட்டில் எழுத வேண்டும். "கணக்கு எண் 10-லிருந்து கணக்கு எண் 1-க்கு மாற்றவும்" என்று அதில் தெளிவாக இருக்கட்டும். 10 என்பது பென்ஷன் நிதி, 1 என்பது உங்கள் இபிஎஃப். நியமனக் கடிதம், முதல் மாதச் சம்பளச் சீட்டு, உங்கள் கோரிக்கைக் கடிதம் மூன்றையும் இணையுங்கள். மாற்றும்போது வட்டியோடுதான் மாற்ற வேண்டும். கடிதத்தில் அதையும் கேட்டுவிடுங்கள். ஹெச்ஆர் இழுத்தடித்தால் பிஎஃப் குறைதீர்ப்பு போர்ட்டலில் புகார் பதியுங்கள். அப்புறம், புது நிறுவனமும் அதே தவறைத் தொடர்கிறதா என்று இந்த மாத பாஸ்புக்கையே திறந்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. "10சி போட்டு பென்ஷன் பணத்தை எடுத்துக்கொண்டு விட்டுவிடு" என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். 10சி என்பது பென்ஷன் பங்கை எடுப்பதற்கான படிவம். 10சி-யில் வருவது நீங்கள் சேர்த்ததும் அதன் வட்டியும் அல்ல. சேவைக் காலத்தை வைத்து டேபிள் டி என்ற அட்டவணைப்படி பெருக்கிக் கொடுக்கும் தொகை. இபிஎஃப் 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்தது. அதை ஏன் விட வேண்டும்?

எனக்கு நேர்மாறு. 2009 முதல் பிஎஃப் உறுப்பினர். 2019-ல் சேர்ந்த கம்பெனி, சம்பளம் அதிகம் என்று சொல்லி பென்ஷனுக்கு எதுவும் கட்டவில்லை. (மதுரை வாசகர்)

கம்பெனி சொல்வது தவறு. 2014 செப்டம்பருக்கு முன்பே பென்ஷன் திட்டத்தில் இருந்தவருக்குச் சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும், 15,000-க்குக் கணக்கிட்டுத் தொடர்ந்து கட்ட வேண்டும். ஒரே ஒரு கேள்வி: இடையில் வேலை விட்டபோது 10சி போட்டு பென்ஷன் பணத்தை எடுத்தீர்களா? எடுத்திருந்தால் நீங்கள் புது உறுப்பினர் கணக்கு. கம்பெனி செய்தது சரியாகிவிடும்.

எடுக்கவில்லை என்றால் மேலே சொன்ன அதே மனு, திசை மட்டும் மாறும்: 1-லிருந்து 10-க்கு. உங்கள் இபிஎஃப் இருப்பு குறையும், பதற வேண்டாம். சேவை ஆண்டை 15,000-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் பென்ஷன். 6 வருடம் விடுபட்டால் ஆயுள் முழுக்க மாதம் சுமார் 1,285 ரூபாய் குறையும்.

58 வயது முடிந்தும் வேலை செய்கிறேன். பென்ஷன் பிடித்தம் நிற்கவில்லையே?

58 முடிந்ததும் நின்றிருக்க வேண்டும். பென்ஷனை 60 வரை தள்ளிவைக்கிறேன் என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் விலக்கு. இல்லையென்றால் அதற்கும் அதே 10-லிருந்து 1 மனுதான்.

பிபிஎஃப்-ல் (பொது வருங்கால வைப்பு நிதி) மாதம் 5,000 போடுவேன். மொபைலில் ஒரு சைபர் கூடிப்போய் 50,000 போய்விட்டது. கணக்கு தொடங்கி மூன்றாவது வருடம். திரும்ப வாங்க முடியுமா? (கும்பகோணம் வாசகி)

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சலானில் 5,000 எழுதி, வங்கி ஊழியர் 50,000 என்று பதிந்திருந்தால் சலானைக் காட்டித் திருத்தலாம். நீங்களே தட்டினால் அது செல்லுபடியான முதலீடு. ஆண்டு வரம்பு 1.5 லட்சத்துக்குள் இருப்பதால் திருப்பித் தர வங்கிக்குக் காரணமும் இல்லை. மூன்றாம் வருடத்திலிருந்து கடன் உண்டு. ஆனால் இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்ச் இருப்பில் 25 சதவீதம்தான் தருவார்கள். இந்த 50,000 அந்தக் கணக்கிலேயே வராது.

நான் சொல்வது வேறு வழி. 50,000 என்பது உங்கள் பத்து மாதப் பணம்தானே? தானியங்கிப் பிடித்தம் வைத்திருந்தால் அதை இன்றே நிறுத்தி, அடுத்த மாதங்களில் அந்த 5,000-ஐக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் புது நிதியாண்டு வந்தால் 500 ரூபாய் மட்டும் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கணக்கு முடங்கும்.

என் பிபிஎஃப்-ல் 1.5 லட்சம் போடுகிறேன். மகன் பெயரில் அஞ்சலகத்தில் தனியாக 50,000. யாரும் இதுவரை தடுக்கவில்லை.

தடுக்காதது அனுமதி ஆகாது. வங்கியின் கணினிக்கும் அஞ்சலகத்தின் கணினிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காப்பாளராக நீங்கள் போடும் மகன் கணக்கும் உங்கள் கணக்கும் சேர்ந்து ஆண்டுக்கு 1.5 லட்சம்தான். கூடுதலாகப் போன 50,000-க்கு வட்டி கிடையாது. கண்டுபிடிக்கும்போது அசல் மட்டும் திரும்பும். ஆகவே நீங்களே முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்து அதை வாங்கிவிடுங்கள். வட்டியில்லாமல் கிடக்கும் ஒவ்வொரு வருடமும் 7.1 சதவீதம் நஷ்டம்.

உங்கள் பெயரிலேயே இரண்டு பிபிஎஃப் வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் நிற்கலாம். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி ஒன்றை முதன்மைக் கணக்காகத் தேர்ந்தெடுத்து மற்றதை இணைக்கக் கேட்கலாம். ஆண்டு வரம்பைத் தாண்டிய தொகை வட்டியின்றித் திரும்பும். மூன்றாவது கணக்கு இருந்தால் அதற்குத் தொடங்கிய நாளிலிருந்தே வட்டி பூஜ்யம்.

என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) டயர் 2-க்குப் போட நினைத்தது டயர் 1-க்குப் போய்விட்டது.

டயர் 1 ஓய்வுக்காலத்துக்கான கணக்கு, டயர் 2 விரும்பியபோது எடுக்கும் கணக்கு. டயர் 2-லிருந்து டயர் 1-க்கு மாற்றலாம், மறுபக்கம் வழி கிடையாது. பழைய வரி முறையில் இருந்தால் அந்தத் தொகையை 80சிசிடி(1பி) பிரிவில் 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளுங்கள். புதிய முறையில் இருந்தால் அதுவும் கிடையாது.