ஹைபிரிட் எஸ்யூவி: மைலேஜ் கணக்கை லிட்டரில் போட்டுப் பாருங்கள்

கேள்வி: புதிதாக ஒரு எஸ்யூவி வாங்கப் போகிறோம். பிடித்த மாடல் பெட்ரோலிலும் கிடைக்கிறது, பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டிலும் கிடைக்கிறது. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர், ஹைபிரிட் 22 கிலோமீட்டர் கொடுக்கும் என்று கம்பெனி சொல்கிறது. "கூடுதல் விலையை நாலே வருஷத்தில் பெட்ரோலில் எடுத்துவிடலாம்" என்கிறார் ஷோரூம்காரர். ஆனால் அதே ஹைபிரிட்டை வைத்திருக்கும் என் மைத்துனர், நெடுஞ்சாலையில் 16-ஐத் தாண்டுவதே இல்லை என்கிறார். நாங்கள் வருஷத்துக்கு 18,000 கிலோமீட்டர் ஓட்டுவோம். வேலைக்குப் போய்வருவதும் வெளியூர்ப் பயணமுமாக 12,000 நெடுஞ்சாலையில், மீதி 6,000 ஊருக்குள். கடனில்தான் வாங்குகிறோம்: 9 சதவீத வட்டி, 5 வருஷம். ஆறு வருஷம் ஆனதும் வண்டியை மாற்றிவிடுவோம். ஹைபிரிட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

பதில்: பணத்தை மட்டும் பார்த்தால், வேண்டாம். உங்கள் ஓட்டத்துக்கு பெட்ரோல் வண்டியே போதும். ஆனால் இந்த முடிவுக்குக் காரணம் கம்பெனி மைலேஜைக் கூட்டிச் சொல்வது அல்ல. அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டால் அடுத்த வண்டி வாங்கும்போது தப்பான இடத்தில் பேரம் பேசுவீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதை நிறுத்துங்கள். 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். காசு கொடுப்பது லிட்டருக்குத்தானே. 14 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 100 கிலோமீட்டருக்கு 7.14 லிட்டர் குடிக்கும். 22 கொடுப்பது 4.55 லிட்டர். மிச்சம் 2.6 லிட்டர். உங்கள் 18,000 கிலோமீட்டருக்கு வருஷம் 468 லிட்டர். விலை வித்தியாசத்தையும் இதே மாதிரி லிட்டராக மாற்றிவிடலாம். நீங்கள் எழுதியிருந்த கூடுதல் விலையை இன்றைய ஒரு லிட்டர் பெட்ரோல் விலையால் வகுத்தேன்: சுமார் 2,000 லிட்டர் வருகிறது. 2,000-ஐ 468-ஆல் வகுத்தால் நாலேகால் வருஷம். ஷோரூம்காரர் சொன்ன நாலு வருஷம் இங்கிருந்துதான் வந்திருக்கிறது. கணக்கில் பொய் இல்லை. அதற்குள் போட்ட எண்கள் உங்களுடையவை அல்ல, அவ்வளவுதான். (பெட்ரோல் விலை 10 சதவீதம் ஏறினால் அந்த 2,000 லிட்டர் ஏறக்குறைய 1,820 ஆகிவிடும். லிட்டரில் கணக்குப் போடுவதில் இதுவும் ஒரு வசதி.)

இப்போது மைத்துனர் விஷயத்துக்கு வருவோம். கம்பெனி சொன்ன மைலேஜ் வரவில்லை என்றால் ஹைபிரிட் நஷ்டம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சாலைக்கு வந்தால் பெட்ரோல் வண்டியின் மைலேஜும்தான் குறையும். இரண்டும் 20 சதவீதம் குறைவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹைபிரிட் 17.6 கிலோமீட்டர், பெட்ரோல் 11.2. அதாவது 100 கிலோமீட்டருக்கு 5.68 லிட்டர், 8.93 லிட்டர். மிச்சம் 3.25 லிட்டர். கம்பெனிக் கணக்கில் வந்த 2.6-ஐ விட அதிகம்! இரண்டும் ஒரே அளவில் குறைந்தால் ஹைபிரிட்டின் லாபம் கூடத்தான் செய்கிறது. ஆகவே "சொன்ன மைலேஜ் வருகிறதா" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் ஆகிறது. என் சாலையில், பெட்ரோல் வண்டியைவிட இது எத்தனை லிட்டர் குறைவாகக் குடிக்கும் என்று கேளுங்கள்.

இந்த இடத்தில்தான் உங்கள் 12,000 நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் குறுக்கே வந்து நிற்கிறது.

ஹைபிரிட் மிச்சம் பிடிப்பதில் பெரும்பகுதி பிரேக்கில் கிடைப்பது. சாதாரண வண்டியில் பிரேக் அழுத்தினால் வண்டியின் வேகம் முழுக்க பிரேக் தட்டில் சூடாகி வீணாகிறது. ஹைபிரிட்டில் மோட்டார் அதில் ஒரு பங்கை மின்சாரமாக்கி பேட்டரியில் போடுகிறது. அடுத்த முறை கிளம்பும்போது அந்த மின்சாரம் வண்டியைத் தள்ளுகிறது, என்ஜின் சும்மா இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போதும், நெரிசலில் ஊரும்போதும் அப்படியே. நெடுஞ்சாலையில் சீராக 100-இல் போனால் பிரேக்கே அழுத்துவதில்லை, திரும்பப் பிடிப்பதற்கும் ஒன்றும் இல்லை. அங்கே பெட்ரோலைத் தின்பது காற்றின் எதிர்ப்பு. அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 100-இலிருந்து 120-க்குப் போனால் 44 சதவீதம் கூடுதல். எஸ்யூவி உயரமானது, முகம் அகலமானது. அந்தக் காற்றை முட்டித் தள்ளுவதில் ஹைபிரிட்டுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. சிக்கனமான என்ஜின் வடிவமைப்பால் சிறிது மிச்சம் இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஒரு மாடலைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். 2023 மாடல் டொயோட்டா ரேவ்4-க்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மைலேஜ் லேபிள் எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஊருக்குள் ஓட்டம், நெடுஞ்சாலை ஓட்டம் இரண்டையும் அந்த லேபிள் தனித்தனியாகக் கொடுப்பதால் நமக்கு உதவியாக இருக்கும். நம் அளவுக்கு மாற்றினால், பெட்ரோல் ரேவ்4 ஊருக்குள் லிட்டருக்கு 11.5 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் 14.9. ஹைபிரிட் ஊருக்குள் 17.4, நெடுஞ்சாலையில் 16.2. பெட்ரோல் வண்டி நெடுஞ்சாலையில் கூடுதலாகக் கொடுக்கிறது, ஹைபிரிட்டோ ஊருக்குள் கூடுதலாகக் கொடுக்கிறது. 100 கிலோமீட்டருக்கு மிச்சம் ஊருக்குள் 3 லிட்டர், நெடுஞ்சாலையில் அரை லிட்டர். ஆறில் ஒரு பங்கு! உங்கள் மைத்துனர் சொல்லும் 16-ம் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் வண்டியில் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஹைபிரிட் பலவீனமாக இருக்கும் சாலையில் ஓட்டுகிறார், அவ்வளவுதான்.

இந்த 3 லிட்டரையும் அரை லிட்டரையும் உங்கள் ஓட்டத்தில் போடுவோம். ஊருக்குள் 6,000 கிலோமீட்டருக்கு 180 லிட்டர். நெடுஞ்சாலை 12,000 கிலோமீட்டருக்கு 60 லிட்டர். வருஷத்துக்கு 240 லிட்டர். 468 எங்கே, 240 எங்கே. 2,000 லிட்டரை எடுக்க எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். நீங்களோ ஆறாவது வருஷமே விற்கப் போகிறீர்கள். இதே 18,000-த்தைத் தலைகீழாக, 12,000 ஊருக்குள் ஓட்டுபவராக நீங்கள் இருந்தால் வருஷம் 390 லிட்டர் மிச்சமாகும், ஐந்து வருஷத்தில் காசு கைக்கு வந்துவிடும்.

அப்புறம் கம்பெனி எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, ஆய்வுக்கூடத்தில், வகுத்து வைத்த வேக அட்டவணைப்படி ஓட்டிப் பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறைக்கு வந்த டபிள்யூஎல்டிபி சோதனை 30 நிமிடம், சுமார் 23 கிலோமீட்டர், சராசரி வேகம் 46.5 கிலோமீட்டர். ஏசி போடுவதில்லை. உங்கள் வண்டியில் ஏசி இல்லாமல் யாராவது உட்கார்வார்களா? ஹைபிரிட்டில் ஏசி பேட்டரியிலிருந்து ஓடுவதால், நெரிசலில் அணைந்து கிடக்க வேண்டிய என்ஜின் பேட்டரியை நிரப்புவதற்காக அடிக்கடி எழுந்துகொள்ளும். குளிர் நாட்டில் இதற்கு நேர்மாறு: கேபினைச் சூடாக்கவும் என்ஜினைச் சூட்டில் வைக்கவும் அது ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் போய்வரும் குட்டிப் பயணங்களிலும் என்ஜின் சூடாவதற்குள் ஊர் வந்துவிடும், மைலேஜ் வராது. அமெரிக்காவில் 2008 மாடல்களிலிருந்து அதிவேகம், ஏசி, குளிர் மூன்றையும் சோதனைக்குள் கொண்டுவந்தார்கள். நான் அந்த லேபிளை எடுத்ததற்கு இதுவும் காரணம். வேறு நாட்டுச் சோதனை எண்ணை இதனோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்காதீர்கள். ஒரே சோதனையில் வந்த இரண்டு எண்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒரே ஹைபிரிட் அமைப்பு வண்டியின் உருவத்தைப் பொறுத்து எப்படி மாறும் என்பதற்கு ஃபோர்டு சி-மேக்ஸ் நல்ல உதாரணம். உயரமான ஹைபிரிட் கார் அது. அதே என்ஜின் அமைப்பு கொண்ட ஃப்யூஷன் செடானின் சோதனை எண்ணை அதற்கும் போட்டுக்கொள்ள அப்போதைய விதி இடம் கொடுத்தது. காற்றைக் கிழிப்பதில் இரண்டு உடம்பும் ஒன்றல்ல. 2013 ஆகஸ்டில் ஃபோர்டு சி-மேக்ஸின் மைலேஜை காலனுக்கு 47 மைலிலிருந்து 43 மைலாகக் குறைத்து, வாங்கியவர்களுக்கு ஆளுக்கு 550 டாலர் கொடுத்தது. செடான் ஹைபிரிட் வைத்திருக்கும் நண்பர் சொல்லும் மைலேஜை எஸ்யூவியில் எதிர்பார்க்காதீர்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்வது இதனால்தான்.

ஷோரூமில் "ஹைபிரிட்" என்ற ஒரே பெயரில் மூன்று விதமான வண்டிகளை விற்பார்கள். உங்கள் கடிதத்தில் உள்ளது தானே மின்சாரத்தில் ஓடக்கூடிய முழு ஹைபிரிட். மைல்டு ஹைபிரிட் என்பதில் சின்ன மோட்டார் என்ஜினுக்கு ஒரு கை கொடுக்கும், வண்டியைத் தனியாக இழுக்காது. மிச்சமும் அதற்கேற்றபடி கொஞ்சம்தான். சார்ஜ் போட்டு ஓட்டும் பிளக்-இன் ஹைபிரிட்டில்தான் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. ஐரோப்பிய ஆணையம் சாலையில் ஓடும் கார்களிலிருந்தே எரிபொருள் விவரங்களைச் சேகரித்து 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்கள் சோதனை எண்ணைவிட சுமார் 20 சதவீதம் கூடுதலாகக் குடித்தன. பிளக்-இன் கார்கள் விட்ட கார்பன் டை ஆக்சைடின் சராசரி அளவோ சோதனை எண்ணைப் போல மூன்றரை மடங்கு. ஓட்டுகிறவர்கள் சோதனை எதிர்பார்த்த அளவுக்கு சார்ஜ் போடுவதில்லை. தினம் இரவு வீட்டில் சார்ஜ் போட முடியாது என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, கடனுக்கு வருவோம். கூடுதலாகக் கொடுக்கும் 2,000 லிட்டர் காசுக்கு 9 சதவீதத்தில் 5 வருஷ வட்டி சுமார் 490 லிட்டர். ஆக உங்கள் செலவு 2,490. வண்டியின் மதிப்பு கூடுவதால் இன்சூரன்ஸும் கொஞ்சம் கூடும், அதை நான் சேர்க்கவில்லை. ஆறு வருஷ மிச்சம் 1,440. விற்கும்போது ஹைபிரிட்டுக்குக் கூடுதல் விலை கிடைக்கும், உண்மைதான். ஆனால் கொடுத்த கூடுதலில் மூன்றில் ஒரு பங்கு திரும்பினால் நல்லது என்றுதான் நான் கணக்கு வைப்பேன். பேட்டரிக்கு இன்னும் எத்தனை வருஷம் வாரன்டி என்பதுதான் உங்களிடம் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி. அதில் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோதான் பாக்கி என்றால் விலையைக் குறைப்பார். மூன்றில் ஒரு பங்கு என்றால் 667 லிட்டர். 1,440-ஐயும் 667-ஐயும் கூட்டினால் 2,107. கடைசியில் 380 லிட்டர் அளவுக்குக் கை நஷ்டம்.

ஆறு வருஷத்துக்குச் சேர்த்து 380 லிட்டர் என்பது குடும்பத்தைக் கவிழ்க்கும் தொகை அல்ல. நெரிசலில் சத்தமில்லாமல் நகரும் வண்டி, ஊருக்குள் குறைந்த புகை, இவை உங்களுக்கு முக்கியம் என்றால் அதற்கான விலையாக இதைக் கொடுத்து வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். காசு மிச்சமாகும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 12,000, 6,000 என்று நீங்கள் எழுதியது மனக்கணக்காக இருக்கலாம். இப்போதுள்ள வண்டியில் ஒரு மாதம் ஊருக்குள் ஓடுவதையும் நெடுஞ்சாலையில் ஓடுவதையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். மைத்துனரிடமும் டிஸ்ப்ளேயில் தெரியும் மைலேஜைக் கேட்காதீர்கள், அது பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஒரே பெட்ரோல் பங்க்கில், பம்ப் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, ஓட்டிவிட்டு, மறுபடி அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்து, மூன்று நான்கு டேங்குக்குச் சராசரி எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்குள் ஓட்டம் வருஷத்துக்கு 9,000 கிலோமீட்டரைத் தொடுகிறது என்று தெரியவந்தால் வருஷ மிச்சம் 315 லிட்டராகி, ஆறு வருஷத்தில் கணக்கு லாபத்தின் பக்கம் சாய்ந்துவிடும். அப்போது ஹைபிரிட்டையே புக் செய்யுங்கள்.