ஒரே ஒரு நுண்ணுயிரோடு முப்பது வருடம்

கேள்வி: சில விஞ்ஞானிகள் ஒரே ஒரு கிருமியை முப்பது, நாற்பது வருடம் ஆராய்கிறார்களே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

நான் விஞ்ஞானி இல்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் ஃப்ளோ சைட்டோமீட்டர் ஓட்டுகிறேன். ரத்த அணுக்களை ஒற்றை வரிசையில் லேசர் முன்னால் ஓடவிட்டு, ஒவ்வொன்றும் எப்படி ஒளிர்கிறது என்று பார்க்கும் மெஷின். திரையின் இடது மூலையில் எப்போதும் கொஞ்சம் குப்பைப் புள்ளிகள் விழும். உடைந்த அணு, இல்லையென்றால் மின்சுற்றின் இரைச்சல். த்ரெஷோல்டை, அதாவது இதற்குக் கீழான சிக்னலை எண்ணாதே என்ற வரம்பை, ஒரு திருகு ஏற்றினால் போய்விடும். தினமும் அதைத்தான் செய்கிறேன். அதனால்தானோ என்னவோ, ஒரே நுண்ணுயிரை முப்பது வருடத்துக்கு மேல் ஆராய்ந்த கடல் விஞ்ஞானி பென்னி சிஸோமின் கதையைப் படித்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். யூக்ளினா என்ற ஒற்றைச் செல் உயிர் பாஸ்பேட்டை எப்படி உறிஞ்சுகிறது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கி, 1976-ல் அமெரிக்காவிலேயே எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1980களின் நடுவில் அவரும் சக ஆய்வாளர் ராப் ஓல்சனும் இந்த மெஷினை ஆடுகிற கப்பலில் ஏற்றினார்கள். லேசர் கொஞ்சம் விலகினாலே எங்களுக்கு அன்றைய வேலை போச்சு, இவர்கள் நடுக்கடலில் ஓட்டியிருக்கிறார்கள்! தேடிப் போனது, ஏற்கெனவே தெரிந்த சினகோகாக்கஸ் என்ற கடல் பாக்டீரியாவை. அது ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். ஆனால் இரைச்சல் விழும் மூலையில் மங்கலான சிவப்புப் புள்ளிகளும் தெரிந்தன. முதலில் இரைச்சல் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் ஆழத்திலிருந்து எடுத்த தண்ணீரில் அந்தச் சிவப்பு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மின்சுற்றுக்குக் கடலின் ஆழம் எப்படித் தெரியும்? வெளிச்சம் குறையக் குறைய ஒவ்வொரு செல்லும் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது; அந்தப் புள்ளிகள் உயிருள்ளவை. 1988-ல் கட்டுரை வெளிவந்தது. 1992-ல் புரோகுளோரோகாக்கஸ் என்று பெயர் வைத்தார்கள்.

(நீங்கள் 'கிருமி' என்று எழுதியிருக்கிறீர்கள். இது யாருக்கும் நோய் தருவதில்லை. சூரிய ஒளியில் தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும் பாக்டீரியா.)

இனி உங்கள் கேள்விக்கு. வெப்பமண்டல நடுக்கடலின் அழகான நீலம் உண்மையில் பொட்டல் காட்டின் நிறம். நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் மேல்தண்ணீரில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அங்கே ஒரு மில்லிலிட்டரில் லட்சம் செல் வரை இது வாழ்கிறது. எப்படி? உடம்பைச் சுருக்கிக்கொண்டுதான். ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் நமக்குத் தெரிந்து இதைவிடச் சிறியது இல்லை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் வரிசையாக அடுக்கலாம். உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கினால் சீக்கிரம் உப்புப் பிடிக்கும் அல்லவா, அதே கணக்கு: செல் சிறிதாக ஆக, அளவுக்கு ஏற்ற மேற்பரப்பு கூடும், இருக்கிற கொஞ்சநஞ்ச சத்தும் வேகமாக உள்ளே போகும். டி.என்.ஏ.வுக்கு பாஸ்பரஸ் வேண்டுமே, அதையும் குறைத்துக்கொண்டது. நம் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் எழுத்துகள் என்றால், மேல்மட்டத்தில் வாழும் மெட்4 என்ற வகையில் சுமார் 16.6 லட்சம்தான். செல்லின் சவ்வில்கூட பாஸ்பரஸ் கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகக் கொழுப்பைப் பெருமளவு வைத்துக்கொள்கிறது. கந்தகம் கடலில் வேண்டிய மட்டும் கிடைக்கும். என்ன சிக்கனம் பாருங்கள்!

இதோடு முடியவில்லை. மேல்மட்டத்துக்கு ஒரு வகை, வெளிச்சம் குறைந்த ஆழத்துக்கு வேறு வகை. 2014-ல் பெர்முடா பக்கத்துக் கடல்நீரைச் சோதித்தபோது, ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான கிளைக்கூட்டங்கள் சேர்ந்து வாழ்வது தெரிந்தது. ஒரு நுண்ணுயிர் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு கூட்டம். முப்பது வருடம் போதுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

எனக்கு சிஸோமிடம் மிகவும் பிடித்தது வேறு. கடலில் பல இடங்களில் பாசி வளராததற்கு இரும்புப் பற்றாக்குறைதான் காரணம் என்றார் ஜான் மார்ட்டின் என்ற கடலியல் விஞ்ஞானி. இரும்பு போட்டால் பாசி பெருகி, காற்றிலுள்ள கார்பனை இழுத்துக்கொள்ளும், பூமி குளிரும் என்பது கணக்கு. அரை டாங்கர் கப்பல் இரும்பு கொடுங்கள், பனியுகத்தையே கொண்டுவருகிறேன் என்று 1988-ல் பாதி வேடிக்கையாகச் சொன்னார். 1995-ல் பசிபிக்கில் சுமார் 450 கிலோ இரும்பைக் கரைத்துப் பார்த்த சோதனையில் சிஸோமின் குழுவும் வேலை செய்தது. பச்சையம் பல மடங்கு ஏறியது. புரோகுளோரோகாக்கஸ் வேகமாகப் பிரிந்தது, ஆனால் எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை. பெருகியதை மேய்ந்து தின்ன ஆள் இருந்தது.

இதை வைத்து, இரும்பைக் கொட்டி கார்பன் கிரெடிட் (இவ்வளவு கார்பனைக் காற்றிலிருந்து அகற்றினோம் என்ற விற்கக்கூடிய சான்று) விற்கலாம் என்று சில கம்பெனிகள் கிளம்பின. இரும்பு வேலை செய்கிறது என்று தன் கண்ணால் பார்த்த சிஸோமே, 2001-ல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து இது கூடாது என்று எழுதினார். எவ்வளவு கார்பன் ஆழத்துக்குப் போனது என்று அளந்து காட்ட முடியாது; ஆழத்தில் ஆக்சிஜன் குறையும்; இங்கே தீர்ந்துபோகும் சத்து, நீரோட்டம் போகும் வழியில் இன்னொரு கடலுக்குக் கிடைக்காது. பேசாமல் இருந்திருந்தால் அவர் ஆராய்ச்சிக்குத்தான் பணம் வந்திருக்கும்.

பிறகு 2009-ல் கோவா தேசிய கடலியல் நிறுவனமும் ஜெர்மானியர்களும் தென் அட்லாண்டிக்கில் சுமார் 300 சதுர கிலோமீட்டருக்கு இரும்பிட்டுப் பார்த்தார்கள். அங்கே சிலிக்கா குறைவு, அதனால் சிலிக்காவால் ஓடு கட்டும் டயட்டம் என்ற பாசி வளரவில்லை. வளர்ந்த சின்னப் பாசிகளையும் கோப்பிபாடு என்ற குட்டிக் கடல் விலங்குகள் தின்றுவிட்டன. ஆழத்துக்குப் போன கார்பன் கொஞ்சம்தான்.