பொன்னாடையை விடுங்கள், வாய்க்கால் எங்கே என்று கேளுங்கள்

"ஊரில் சிரமதானம் என்றால் இளைஞர்கள் வந்தால் முதியவர்கள் வருவதில்லை, முதியவர்கள் வந்தால் இளைஞர்கள் வருவதில்லை. இரு தரப்பையும் எப்படி ஒன்றாக இறக்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் ஆறு வருடம் செயலாளராக இருந்தவன் நான். அதில் முதல் இரண்டு வருடமும் தோல்விதான்.

ஒக்டோபர் 1 நம் நாட்டில் சிறுவர் தினம், முதியோர் தினமும் அன்றுதான். இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்குமா என்று விழா எடுத்தோம். முன்வரிசைக் கதிரைகளில் முதியவர்கள், அவர்களுக்குப் பொன்னாடை. பின்னால் பிள்ளைகள், கையில் போன். கைதட்டச் சொன்னபோது தட்டினார்கள். ரோல்ஸும் சோடாவும் முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த வருடமும் அதே கூத்து. யாருக்கும் யாரிடமும் ஒரு தேவை இருக்கவில்லை, பிறகு எதற்குப் பேசுவார்கள்?

மூன்றாம் வருடம் குளத்தில் கை வைத்தோம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது, வழுக்கியாறுகூட மாரியில்தான் ஓடும். மழைநீர் குளத்தில் தேங்கி, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கினால்தான் கிணறுகளுக்கு உயிர். எங்கள் குளமோ நல்ல மாரியிலும் பாதிக்கு மேல் நிரம்பாது. மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் பிடித்து ஆழமாக்கிவிட்டால் சரி என்று பெடியன்கள் காசு சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

துப்புரவு நடந்த முதல் நாள் எண்பதை நெருங்கிய ஓர் ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அரை மணி நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "தம்பிமார், ஆழம் போதாமல் இல்லை. தண்ணீர் வர வழியில்லை" என்றார். சிறு வயதில் அங்கே மாடு மேய்த்தவர். வடக்குப் பக்கத்து வயல் வெள்ளம் வாய்க்காலால் வந்து, வீதிக்குக் கீழே ஒரு மதகால் குளத்தில் விழுமாம். வீதியை உயர்த்தியபோது மதகு மூடுண்டு போனது. இருபது வயதுக்காரர்கள் யாருக்கும் அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

அலவாங்கும் மண்வெட்டியும் எடுத்து அவர் காட்டிய இடத்தில் தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு முழம் தள்ளித் தோண்டியபோது மதகின் கல் வாய் தென்பட்டது. இன்றுவரை அதைச் சொல்லி அவரைப் பகிடி பண்ணுகிறார்கள். "நான் சரியாகத்தான் காட்டினேன், வீதியைத்தான் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்" என்பார் அவர். அந்தப் பகிடிதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றி என்பேன். பொன்னாடை போர்த்தியவரை யாரும் பகிடி பண்ண மாட்டார்கள்.

அதன் பிறகு ஆட்களைத் தேடி அலையவில்லை. பழைய வாய்க்கால் போன தடத்தைக் காட்ட நான்கு ஐயாமார் தாங்களாகவே வந்தார்கள், தங்களுக்குள் சண்டையும் பிடித்தார்கள். ஐப்பசி மழையோடு குளக்கட்டில் பனம் விதை நட்டபோது எவ்வளவு இடைவெளி விடுவது என்று பெடியன்கள் அவர்களைத்தான் கேட்டார்கள்.

நடைமுறையில் இடறியது நேரம். முதியவர்கள் காலை ஆறு மணிக்கே நின்றார்கள், பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ரியூஷன். பூரணை விடுமுறைக்கு மாற்றினோம். சீனி வருத்தக்காரர் பசியோடு நிற்கக் கூடாது என்பதால் எட்டு மணிக்கே சாப்பாடு வந்துவிட வேண்டும். நிழலில் கதிரை, பக்கத்தில் மலசலகூடம், வீட்டிலிருந்து ஏற்றி இறக்க ஒரு முச்சக்கரவண்டி. மகன் கனடாவில், மகள் லண்டனில் என்று தனியே இருக்கும் அம்மாக்கள் இந்த வண்டி இல்லாவிட்டால் படலையைத் தாண்ட மாட்டார்கள். கடைசியாக ஒரு சட்டம்: பத்து மணிக்கு முன் புத்திமதி சொல்லக் கூடாது. தலைமயிரைப் பற்றியும் மோட்டார் சைக்கிளைப் பற்றியும் சொல்ல நினைப்பதை அதற்குப் பிறகு சொல்லலாம். பத்து மணிக்குள் வெயில் ஏறி எல்லோருக்கும் களைத்துவிடும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஒரே பானையில் ஒடியற்கூழ் காய்ச்சியபோது முதியவர்களில் இருவர் ஏதோ சாட்டுச் சொல்லிக் குடிக்காமல் போனார்கள். எந்தத் தெருவார் காய்ச்சினார்கள் என்பதுதான் அவர்களின் பிரச்சினை. முதியவர்களின் ஞாபகத்தில் மதகு மட்டுமா இருக்கிறது, இதுவும் இருக்கிறது. அவர்களுக்காக இரண்டாவது பானை வைப்போமா என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். பெடியன்கள் மறுத்துவிட்டார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். அந்த இருவரில் ஒருவர் மூன்றாவது பூரணைக்குத் திரும்பி வந்து கூழுக்குப் பனையோலைப் பிளாவை நீட்டினார். மற்றவர் வரவேயில்லை.

ஆகவே உங்கள் ஊரில் முதலில் தேட வேண்டியது ஆட்களை அல்ல, ஒருவரை ஒருவர் கேளாமல் முடிக்க முடியாத ஒரு வேலையை. தூர்ந்த கேணியாக இருக்கலாம், வாசிகசாலை அலுமாரியில் பெயர் எழுதப்படாமல் கிடக்கும் பழைய படங்களாக இருக்கலாம். இந்த வருடமும் பொன்னாடைக்கு நிர்வாகம் பணம் ஒதுக்கியிருந்தால் அதில் நல்ல மண்வெட்டி நான்கு வாங்குங்கள். பிடி போடுவதற்குப் பழைய ஆள் ஒருவரையே கேளுங்கள். கடைப் பிடி ஒரு மாரிகூடத் தாங்காது.