தண்டுவடத்தைச் சுற்றி ரத்தக்கட்டு: ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. செயற்கை இதய வால்வு இருப்பதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் இருமும்போது பிடரியில் திடீரென்று கடுமையான வலி. இரண்டு மணி நேரத்தில் கால்கள் துவண்டுவிட்டன. தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருப்பதாக எம்.ஆர்.ஐ. காட்டியது. ஆனால் ஸ்கேன் முடிந்தபோதே கால்களை அசைக்கத் தொடங்கிவிட்டார். டாக்டர்கள் ஆபரேஷன் செய்யவில்லை. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். அது சரியான முடிவுதானா? வார்ஃபரினை மறுபடி தொடங்கலாமா?

பதில்: சரியான முடிவுதான். ரத்தக்கட்டு எவ்வளவு பெரியது என்பதைவிட, கால் பலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே இங்கே முக்கியம். பலம் குறைந்துகொண்டே போயிருந்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் முதுகெலும்பின் பின்பகுதியைத் திறந்து ரத்தத்தை எடுத்திருப்பார்கள். உங்கள் அப்பாவுக்குப் பலம் தானாகவே திரும்பி வந்தது. தண்டுவட உறைக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கசிந்த ரத்தம் மேலும் கீழும் பரவியதால் அழுத்தம் தளர்ந்திருக்கும். மிச்சமிருக்கும் ரத்தத்தை உடலே சில வாரங்களில் கரைத்துவிடும்.

ஆபரேஷன் இல்லை என்றால் வைத்தியமே இல்லை என்று நினைக்காதீர்கள். ரத்தம் உறைவதற்காக வைட்டமின் கே ஊசியும் உறைதல் காரணிகளும் கொடுத்திருப்பார்கள். அப்புறம் ராத்திரி முழுக்க ஒருவர் வந்து, "கால் கட்டைவிரலை மேலே தூக்குங்க, என் கை அழுத்துறதை எதிர்த்துத் தள்ளுங்க" என்று சொல்லி, 0 (அசைவே இல்லை) முதல் 5 (முழு பலம்) வரை மதிப்பெண் போட்டுக்கொண்டே இருந்திருப்பார். அப்பாவைத் தூங்கவிடவில்லையே என்று உங்களுக்குக் கோபம்கூட வந்திருக்கும். ஆனால் இந்த வைத்தியத்தின் உயிரே அந்தச் சோதனைதான். 4-லிருந்து 3-க்கு இறங்கினால் அந்த நிமிடமே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால்தான் நரம்பியல் அறுவை சிகிச்சை வசதி இல்லாத இடத்தில் இப்படிக் காத்திருப்பதை நான் ஏற்பதில்லை.

வார்ஃபரின் விஷயம்தான் கஷ்டமானது. நிறுத்தியே வைத்தால் வால்வில் ரத்தம் கட்டலாம். அவசரப்பட்டுத் தொடங்கினால் தண்டுவடத்தில் மறுபடி கசியலாம். என்றைக்கு, எந்த அளவில் என்பதை இதய மருத்துவரும் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து சொல்லட்டும். தொடங்கிய பிறகு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை ஒரு முறைகூடத் தவறவிடாதீர்கள். மூட்டுவலி, முதுகுவலி என்று கடையில் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது.

பிடரியிலோ முதுகிலோ வலி மறுபடி வந்தால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் வராமல் வயிறு உப்புவது, சிறுநீர் போவதே தெரியாமல் போய்விடுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் நேராக அதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வார்ஃபரின் சாப்பிடுபவர் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.