டிக் டிக் சத்தம் எங்கிருந்து வருகிறது? – கார் கேள்வி பதில்

இந்த மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதி ஒரே புகார்தான். ஆகவே ஒரே இடத்தில் பதில் தருகிறோம்.

கேள்வி: என்னுடையது 1997 புரோட்டோன் வீரா 1.5, மேனுவல் கியர். மீட்டர் 260,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இரண்டு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் தையல் மிஷின் ஓடுவதுபோல் டிக் டிக் என்று சத்தம். சூடானால் சில நாள் அடங்குகிறது, சில நாள் டவுன் வரைக்கும் கூடவே வருகிறது. ஒரு பட்டறையில் டாப் ஓவரால் (எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றிப் புதுப்பிப்பது) செய்யச் சொல்கிறார்கள். இன்னொருவர் கெட்டியான ஆயில் ஊற்றினால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன், எப்போது வருகிறது என்று இரண்டு நாள் கவனித்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

முதலில் காரை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, மெல்ல ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். நின்ற இடத்திலேயே சத்தமும் வேகமெடுத்தால் அது எஞ்சின் பக்கத்துச் சத்தம். ஓடும்போது மட்டும் வந்து, கிளட்சை மிதித்து உருளவிட்டாலும் தொடர்ந்தால் சக்கரத்துப் பக்கம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் எஞ்சின்தான். சத்தத்தை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது) எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் 400 சுற்று சுற்றும். அதாவது ஒரு வால்விலிருந்து வரும் சத்தம் நொடிக்கு ஆறேழு தடவை கேட்கும். ஆனால் ஒரு சிலிண்டரின் புகைவழியில் கசிவு இருந்தாலும் இதே கணக்குத்தான் வரும். அதனால் எண்ணிக்கை எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரிக்கும், வால்வை எக்ஸாஸ்டிலிருந்து பிரிக்காது.

அடுத்து ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக். காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ஆயில் குறைந்தாலும் டிக் சத்தம் வரும், கூடினாலும் வரும். கூடினால் எப்படி வரும் என்று கேட்பீர்கள். இந்த எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து மூன்று லிட்டரைச் சற்றே தாண்டித்தான் பிடிக்கும். கடையில் வாங்குவதோ நாலு லிட்டர் டின். மிச்சத்தை எங்கே வைப்பது என்று முழுவதையும் ஊற்றிவிடுகிறார்கள். அளவு மீறிய ஆயிலை எஞ்சினின் அடியில் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் இருப்பது காற்று, காற்று அமுங்கும். லிஃப்டருக்குள் காற்று போனால் அது தன் வேலையைச் செய்யாது.

லிஃப்டர் என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்கள் 12 வால்வு எஞ்சினில், வால்வை அமுக்கித் திறக்கும் ஒவ்வொரு ராக்கர் நுனியிலும் விரல்நுனி அளவில் ஒரு சிறிய உருளை இருக்கிறது. உள்ளே ஸ்பிரிங், ஒரு பிளஞ்சர், அதற்கடியில் மிளகைவிடச் சிறிய ஒரு குண்டு. ஆயில் உள்ளே போகும்போது குண்டு விலகும், அழுத்தம் வந்ததும் அடைத்துக்கொள்ளும். அடைபட்ட ஆயில்தான் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்கிறது. இரவு முழுக்க நின்ற காரில் ஒன்றிரண்டு லிஃப்டர்களில் ஆயில் வடிந்துபோயிருக்கும். காலையில் சில நொடி டிக் டிக் என்று அடித்து நின்றால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பத்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை என்றால் குண்டின் இருக்கையில் கசடு ஒட்டியிருக்கிறது, அல்லது பிளஞ்சர் தேய்ந்துவிட்டது, அல்லது மேலே போகும் ஆயிலின் அழுத்தமே போதவில்லை.

ஆனால் லிஃப்டர் மேல் பழி போடும் முன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்) பார்த்தே ஆகவேண்டும். குளிராக இருக்கும்போது உரத்துக் கேட்டு, சூடானதும் அடங்கும் டிக் சத்தத்துக்கு இது பெரிய சந்தேகப் புள்ளி. வெடிப்பு இருந்தாலோ கேஸ்கெட் எரிந்திருந்தாலோ புகை அந்தச் சந்தில் ‘சிக் சிக்’ என்று துப்பும். இரும்பு சூடேறி விரிந்ததும் சந்து அடைபடும், சத்தமும் அடங்கிவிடும். லிஃப்டர் என்று நினைத்து லிஃப்டரை மாற்றியும் சத்தம் போகாத கார்களில் பல இந்த ரகம்தான்.

சோதிப்பது எளிது. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பை நீரில் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்த முதல் அரை நிமிடத்துக்குள், மேனிஃபோல்டு கைவைக்கும் குளிராக இருக்கும்போதே, அது சிலிண்டர் ஹெட்டோடு சேரும் வரம்பில் அடியுங்கள். கசிவு இருந்தால் குமிழ் வெடிக்கும். சூடான பிறகு அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும். அந்த வரம்பில் விளக்குக் கரி பூசியதுபோல் கறுப்புக் கோடு தெரிந்தால் சோப்பு நீர்கூடத் தேவையில்லை. இன்னொரு வழி: உதவிக்கு ஒருவரிடம், கையுறை போட்டுக்கொண்டு, சுருட்டிய பழந்துணியால் புகைக்குழாய் வாயை இரண்டு மூன்று நொடி மட்டும் அடைக்கச் சொல்லுங்கள். கசிவு இருந்தால் முன்னால் சத்தம் கூர்மையாகும். வால்வுச் சத்தமாக இருந்தால் மாற்றம் இருக்காது. இதையெல்லாம் திறந்தவெளியில் செய்யுங்கள், மூடிய கொட்டகைக்குள் வேண்டாம்.

அதற்கப்புறம் காது வைத்துக் கேட்பது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வால்வு கவரின் போல்ட் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்துங்கள். நான்கு சிலிண்டருக்கும் நேராக நகர்த்தினால் எந்த இடத்தில் ‘டக் டக்’ என்று மண்டைக்குள் இறங்குகிறது என்று தெரியும். காற்றுக் கசிவைத் தேட ஸ்க்ரூடிரைவர் உதவாது. ஒரு மீட்டர் ரப்பர் குழாயை ஒரு காதில் வைத்து மறுநுனியை மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்துங்கள். கைலி கட்டிக்கொண்டு, துண்டு தொங்க, ஓடும் எஞ்சின் மேல் குனியாதீர்கள். ரேடியேட்டர் விசிறி சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும்.

இன்னும் மூன்று போலிச் சத்தங்கள் உண்டு. பெட்ரோல் இன்ஜெக்டர் உள்ள காரில் இன்ஜெக்டரே மெல்லிதாக, சீராக டிக்டிக் என்று அடிக்கும். அது அதன் பேச்சு, விட்டுவிடுங்கள். பிளக் ஒயரில் தீப்பொறி கசிந்தால் ‘சட் சட்’ என்று கேட்கும். இருட்டில் ஒயர்கள் மேல் லேசாக நீர்த்துளி தூவினால் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். பார்த்தால் போதும், கைவைக்காதீர்கள். அதில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். மூன்றாவது, ஓரம் பிய்ந்த பெல்ட். ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள், சத்தம் போனால் அதுதான். போகாமல் டைமிங் கவர் பக்கம் உரசும் சத்தம் கேட்டால் கவரைத் திறந்து பார்க்காமல் காரை எடுக்க வேண்டாம். டைமிங் பெல்ட் நூல் பிரிந்து நிற்கக்கூடும்.

இவை எல்லாம் இல்லை, வால்வு கவரடியில்தான் சத்தம் என்று உறுதியானால், செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். பழைய மிஞாக் ஹித்தாமை (எஞ்சின் ஆயிலை) வடித்து, நல்ல ஃபில்டரோடு 10W-40 அல்லது 15W-40 ரக ஆயில் ஊற்றுங்கள். ஃபில்டரில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். அதனுள் இருக்கும் ரப்பர் அடைப்பு மட்டமாக இருந்தால் இரவில் ஆயில் முழுக்கக் கீழே வடிந்து, மறுநாள் காலை அதே பாட்டுத்தான். பிறகு எஞ்சின் நன்றாகச் சூடானதும் நின்ற இடத்தில் ஐடிலிலிருந்து 3,000 சுற்று வரை அரை நிமிடத்தில் மெல்ல ஏற்றி, மறுபடி அரை நிமிடம் ஐடிலில் விடுங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து முறை செய்தால் லிஃப்டருக்குள் மாட்டிய காற்று வெளியேறும். பல கார்கள் இதிலேயே அடங்கிவிடும்.

20W-50 போன்ற கெட்டி ஆயில் ஊற்றச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, சத்தம் குறையத்தான் செய்யும். ஆனால் அது நோயாளியின் வாயைப் பொத்துவது மாதிரி. கெட்டி ஆயில் காலையில் லிஃப்டர் வரை ஏறுவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும். கேம் அதுவரை காய்ந்த நிலையில் தேயும்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் லிஃப்டரைக் கழற்று என்று சொல்லும் முன் ஆயில் பிரஷர் அளக்கச் சொல்லுங்கள். பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜ் மாட்டினால் ஐந்து நிமிட வேலை. சூடான எஞ்சின், ஐடில்: 80 கிலோபாஸ்கலுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் கோளாறு கீழே, பம்பிலோ பேரிங்கிலோ இருக்கிறது. லிஃப்டரை மாற்றுவது வீண் செலவு. பிரஷர் சரி என்றால் மட்டும் ராக்கர் ஷாஃப்டைக் கழற்றலாம். கழற்றும்போது ராக்கர் நுனியிலிருந்து லிஃப்டர்கள் உதிர்ந்து விழும், டேப் ஒட்டிப் பிடித்துக்கொண்டுதான் தூக்க வேண்டும். சுத்தமான டீசலில் அமிழ்த்தி, மெல்லிய கம்பியால் குண்டை லேசாக அழுத்தி, பிளஞ்சரை நாலைந்து தடவை அமுக்கிக் காற்றை எடுக்க வேண்டும். கம்பியை எடுத்த பிறகு விரலால் அழுத்தினால் கல் மாதிரி நிற்க வேண்டும். ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினால் அந்த ஒன்றை மாற்றுங்கள். இந்த வேலைக்கு ஹெட்டை இறக்கத் தேவையில்லை. ஆகவே டாப் ஓவரால் என்ற பேச்சுக்கே இன்னும் இடமில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை. சத்தம் ‘டிக்’ அல்ல, அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாக வந்து, சூடானால் கூடினால், அல்லது ஆயில் விளக்கு மினுக்கினால், அங்கேயே அணைத்துவிட்டு லாரியில் ஏற்றுங்கள்.

பழைய 8 வால்வு புரோட்டோன் சாகா வைத்திருப்பவர்களுக்கு லிஃப்டர் தொல்லை இல்லை, வால்வு இடைவெளியைத் திருகால் சரிசெய்ய வேண்டியதுதான். சூடான எஞ்சினில் இடைவெளி: இன்டேக் (உள்ளிழுக்கும் வால்வு) 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வால்வு) 0.25 மி.மீ. முதல் சிலிண்டர் அழுத்த உச்சியில் (பிஸ்டன் மேலே ஏறி, அதன் வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும் நிலையில்) நிற்கும்போது சரிசெய்ய வேண்டிய சிலிண்டர்கள் இன்டேக் 1, 2, எக்ஸாஸ்ட் 1, 3. கிராங்க் ஷாஃப்டை ஒரு முழுச் சுற்று சுற்றி இன்டேக் 3, 4, எக்ஸாஸ்ட் 2, 4. ஃபீலர் தகடு லேசாகப் பிடித்து நகர வேண்டும். லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது திருகு கூடவே திரும்பிவிடும். சத்தமே வேண்டாம் என்று எக்ஸாஸ்டை நெருக்கி வைத்தால் வால்வு சரியாக மூடாமல் விளிம்பு எரிந்துபோகும்.

கேள்வி: தோட்டத்துச் செம்மண் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குத் திரும்பும்போது மட்டும் என் பெரோடுவா கஞ்சில் காரின் முன்சக்கரத்தில் டக் டக் என்கிறது. நேராகப் போனால் இல்லை.

பதில்: முதலில் டயர் பள்ளத்தில் கல் மாட்டியிருக்கிறதா, வீல் நட் இறுக்கமா, பிளாஸ்டிக் கப் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆனால் அவை நேரான ரோட்டிலும் சத்தம் போடும். கஞ்சில் டயர் 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு மூன்றரைச் சுற்று சுற்றும், கல் என்றால் அதே கணக்கில் அடிக்கும். திரும்பும்போது மட்டும் என்றால், சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயின்ட் (சக்கரத்தை ஒட்டிய மூட்டு).

திடலில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து மெல்ல வட்டமடியுங்கள், பிறகு மறுபக்கம். இடப்பக்கம் திரும்பும்போது அடித்தால் பெரும்பாலும் வலது ஜாயின்ட். ரிம்மின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் சிதறியிருந்தால் ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. செம்பனை மட்டையின் முள்ளும் செம்மண் ரோட்டுக் கல்லும் அதைக் கிழித்துவிடும். பூட் கிழிந்து சத்தம் இன்னும் வராதவர்கள் இன்றே கழுவி, பூட்டோடு வரும் கிரீஸ் பாக்கெட் முழுவதையும் அடைத்து, புது கிளிப் போட்டால் தப்பலாம். சத்தம் வந்துவிட்ட உங்களுக்கு அந்த வழி இல்லை. உள்ளே குண்டுகள் ஓடும் பள்ளம் தேய்ந்துவிட்டது, ஜாயின்டையே மாற்ற வேண்டும். பூட் மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: வேலை முடிந்து வந்து என் புரோட்டோன் இஸ்வாரா காரை அணைத்த பிறகும் அடியில் பத்து நிமிடம் டிக் டிக் என்று கேட்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: புகைக்குழாயும் அதன் வெப்பத் தகடும் குளிர்ந்து சுருங்கும் சத்தம் அது. பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு: காய்ந்த லாலாங் புல்லின் மேல் சூடான காரை நிறுத்தாதீர்கள், புகைக்குழாயில் சிக்கிய காய்ந்த புல்லையும் செம்பனை நாரையும் வாரம் ஒரு முறை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றாமல் டிக்டிக்டிக் என்று வேகமாக அடிக்கிறது. ஸ்டார்ட்டர் மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போது வேண்டாம். வேகமான டிக்டிக் என்றால் பெரும்பாலும் பேட்டரியில் தெம்பில்லை, அல்லது டெர்மினலில் பச்சை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து, நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள். இரவு நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, சார்ஜ் போடுங்கள். பேட்டரி முழுதாக இருந்தும் ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால், அப்போது ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்க்கலாம்.