வாசகர் கேள்வி பதில்: கடல் சூடேறினால் பிளாந்தன் பெருகாதா?

கேள்வி: வெப்பம் கூடினால் உயிர்ச் செயற்பாடுகள் விரைவடையும் என்று உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் என் மகள் சொல்கிறாள். ஆனால் கடல் வெப்பமடைவதால், அதில் மிதந்து வாழும் நுண்ணிய தாவரப் பிளாந்தன்கள் குறைவதாகச் செய்திகளில் வருகிறது. இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்? குளிர்ந்த ஆழ்நீர் மேலெழும் கரையோரங்களிலும் இதே நிலைதானா?
(வாசகி, ஹட்டன்)

பதில்: மகள் சொல்வது சரியே. போசணைப் பொருட்கள் போதியளவு இருந்தால், ஓரளவு வெப்பம் பிளாந்தன்களின் பெருக்கத்தை விரைவுபடுத்தவே செய்யும். ஆனால் உரம் போடாத தேயிலை மலையில் வெயில் எவ்வளவு அடித்தாலும் கொழுந்து வராததைப் போல, நைத்திரேற்றும் பொசுபேற்றும் தீர்ந்துபோன மேற்பரப்பு நீரில் ஒளியால் மட்டும் பயனில்லை. இறந்த உயிர்கள் சிதைந்து உண்டாகும் போசணைப் பொருட்கள் ஒளி எட்டாத ஆழத்திலேயே சேர்ந்திருக்கின்றன. மேற்பரப்பு சூடாகும்போது அந்நீர் அடர்த்தி குறைந்து, கீழுள்ள குளிர்ந்த நீருடன் எளிதில் கலக்காத தனி அடுக்காகிவிடுகிறது. மேற்கு இந்து சமுத்திரத்தில் அறுபது ஆண்டுகளில் தாவரப் பிளாந்தன் 20 சதவீதம் வரை குறைந்திருப்பதாக மதிப்பிட்ட 2016ஆம் ஆண்டின் ஆய்வு, இந்த அடுக்குப் பிரிவையே முக்கிய காரணமாகக் காட்டியது.

மேலெழுச்சி நிகழும் கரைகளில் காற்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. உங்கள் ஊரை நனைத்துவிட்டுப் பண்டாரவளைப் பக்கம் வறண்ட காற்றாக இறங்கும் அதே தென்மேல் பருவக்காற்று, நம் தீவின் தென்கரையை ஒட்டிக் கிழக்கு நோக்கி வீசுகிறது. புவியின் சுழற்சியால் மேற்பரப்பு நீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக, அதாவது கரையை விட்டுத் தெற்கே, தள்ளப்படுகிறது. அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த கீழ்நீர் மேலெழுகிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை செய்மதிப் படங்களில் இக்கடலில் பச்சையம் மிகுந்து தெரிவது இதனால்தான்.

நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் கரையோரக் காற்று வலுக்கும், மேலெழுச்சியும் கூடும் என்ற கருதுகோளை அன்ட்ரூ பாகுன் 1990இல் முன்வைத்தார். கலிபோர்னியா, பெரு–சிலி, தென்மேற்கு ஆபிரிக்காவின் பெங்குவேலா ஆகிய கடற்பகுதிகளில் காற்று பெரும்பாலும் வலுத்திருப்பதாக 2014இல் ஒரு தொகுப்பாய்வு கண்டது. மற்ற இடங்களில் போக்கு அவ்வாறில்லை. ஆயினும் காற்று வலுத்தால் விளைச்சல் கூடும் என்று முடிவுகட்டிவிட முடியாது. அளவுக்கு மிஞ்சிய காற்று பிளாந்தன்களை ஒளி குறைந்த ஆழத்துக்கு இழுத்துச் செல்லும். அவை பெருகுமுன்பே கரையிலிருந்து அப்புறப்படுத்தியும் விடும். அதைவிட முக்கியமானது, நீர் எந்த ஆழத்திலிருந்து எழுகிறது என்பது. மேலேயுள்ள வெப்ப அடுக்கு தடித்துவிட்டால், காற்று தூக்கிவருவது போசணையற்ற வெதுவெதுப்பான நீர்தான். பசுபிக் சமுத்திரத்தின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் பெருவின் கரையோரம் காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே விளைச்சல் வீழ்வது இதனாலேயே. 1970இல் ஒரு கோடி டன்னைத் தாண்டிய அங்குள்ள நெத்தலி இனப் பிடிபாடு 1972–73 எல் நினோவுடன் சரிந்தது. அளவுமீறிப் பிடித்ததும் அச்சரிவில் பங்கு கொண்டது என்பதை மறைக்கக் கூடாது.

மொத்த அளவு மட்டுமன்றி, எந்த இனம் வளர்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. போசணை மிகுந்த குளிர்நீரில் சிலிக்கா ஓடுடைய பெரிய பாசிகளான தயற்றங்கள் செழிக்கின்றன. போசணை குறைந்த வெதுவெதுப்பான நீரில் மிக நுண்ணிய இனங்களே தாக்குப்பிடிக்கின்றன. நுண்ணியவை மீனின் வாய்க்குச் சேர இடையில் ஒன்றையொன்று உண்ணும் மேலும் சில உயிர்களைக் கடக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு படியிலும் சக்தியின் பெரும்பகுதி இழக்கப்படுகிறது. எனவே பச்சையத்தின் அளவில் பெரிய மாற்றம் தெரியாத கடலிலும் சாளையும் நெத்தலியும் குறையலாம்.

கேள்வி: அப்படியானால் எங்கள் தோட்டங்களிலிருந்து மழையில் கழுவிச் செல்லும் உரம் கடலுக்கு நன்மைதானே?
(வாசகர், தலவாக்கலை)

பதில்: இல்லை. தலவாக்கலையின் நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து, பல நீர்த்தேக்கங்களைக் கடந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. மேலெழுச்சி நிகழும் தென்கரைக்கு அது போவதில்லை. மேலும், ஆழ்நீரில் நைத்திரேற்று, பொசுபேற்று, சிலிக்கேற்று மூன்றும் சேர்ந்தே வருகின்றன. உரநீரில் சிலிக்கேற்று இல்லை. ஆறு இயல்பாகக் கொண்டுவரும் சிலிக்கேற்றிலும் ஒரு பகுதி அணைகளுக்குள் தங்கிவிடுகிறது. அதனால் முகத்துவாரங்களில் தயற்றங்களுக்குப் பதிலாக வேறு பாசிகள், சில வேளை நச்சுப் பாசிகளும், பெருகி அழுகி, நீரிலுள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடுகின்றன.