சைக்கிளின் முன் சக்கரம் ஆடுகிறது. ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) குண்டுகளை மட்டும் மாற்றினால் போதுமா?

பெரும்பாலும் போதாது. ஹப்புக்குள் கிண்ணம் போன்ற கப், ஆக்சிலில் (அச்சுத்தண்டில்) திருகப்பட்ட கூம்பு வடிவக் கோன், இரண்டுக்கும் நடுவே உருளும் குண்டுகள் ஆகிய மூன்றும் சேர்ந்தே தேய்கின்றன. அவற்றுள் முதலில் பழுதாவது பொதுவாகக் கோன்தான். ஆகவே ஆக்சிலை உருவியதும் கோனை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் பளபளக்கும் வளையமாக மட்டும் தெரிந்தால் குறையில்லை. அந்தத் தடத்தில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் இருந்தாலோ, பால்பாயின்ட் பேனா முனையை அதன்மேல் ஓட்டும்போது எங்காவது தட்டினாலோ, கோனை மாற்றியே ஆக வேண்டும். கப்பும் குழி விழுந்திருந்தால், பல ஹப்புகளில் அதைத் தனியே எடுக்க இயலாது என்பதால், ஹப்பையே மாற்ற நேரிடும்.

முன் ஹப்பில் வழக்கமாகப் பக்கத்துக்குப் பத்தாக 3/16 அங்குலக் குண்டுகள் இருக்கும். எனினும் கழற்றும்போது எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். பழைய குண்டுகளோடு புதியவற்றைக் கலக்க வேண்டாம். தேயாத குண்டு இம்மியளவு பெரிதாக இருப்பதால் சுமையின் பெரும்பகுதி அதன்மேலேயே விழும். ஒருமுறை சிக்கனம் கருதி அப்படிச் செய்து, சில வாரங்களிலேயே புதுக் கோனையும் இழந்தேன்.

உண்மையான வேலை இறுக்கத்தைச் சரிசெய்வதில்தான் இருக்கிறது. கிரீஸில் குண்டுகளைப் பதித்து, கோனைக் கையால் அவற்றைத் தொடும்வரை திருகி, ஒரு நூலளவு பின்வாங்குங்கள். பிறகு மெல்லிய கோன் ஸ்பேனரால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதை வெளிப்புறமிருந்து நகராமல் பூட்டும் லாக் நட்டை இறுக்க வேண்டும். லாக் நட் இறுகும்போது மரையிலுள்ள இடைவெளி அடைபட்டுக் கோன் சற்று உள்ளே தள்ளப்படும்; எனவே, இறுக்குவதற்கு முன் கச்சிதமாக இருந்தது பின்னர் இறுக்கமாகிவிடும். இதை அறியாமல்தான் பலர் புதுக் குண்டுகளை அரைத்துவிடுகிறார்கள். மூன்று நான்கு முறை தளர்த்தி மீண்டும் பூட்ட நேர்ந்தாலும் பொறுமையாகச் செய்யுங்கள்.

குவிக் ரிலீஸ் (ஸ்பேனர் இல்லாமல் நெம்புகோலால் சக்கரத்தைப் பூட்டும் அமைப்பு) உள்ள சக்கரமானால், நெம்புகோலை மூடும்போது ஆக்சிலும் சிறிது அமுங்கும் என்பதால், கழற்றிய நிலையில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கட்டும். ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவையில்) பூட்டியபின் ரிம்மைப் பக்கவாட்டில் அசைத்தால் அந்த ஆட்டம் அறவே மறைந்திருக்க வேண்டும். கடைசியாகச் சக்கரத்தைத் தூக்கி மெல்லச் சுழற்றி விடுங்கள். சரியாக அமைந்திருந்தால் அது சட்டென்று நிற்காது. கனமான பக்கம் கீழே வந்து, ஊஞ்சல்போல இருபுறமும் சில முறை ஆடியபின்பே ஓயும்.